மஸ்கி எண்டா உயிர்

படகின் மோட்டாரை யார் ஓட்டுவது என்பதில்தான் முதல் சிக்கல் வந்தது.

"நீங்கள் ஓட்டுங்கோ அண்ணை," என்றார் அருள்நாயகம்.

"சீச்சீ, நீங்கள் பழகின ஆள். நீங்கள்தான் ஓட்டவேணும்," என்றார் பத்மநாதன்.

"என்ன கதை இது? நீங்கள் பஸ்ஸே ஓட்டுற மனுசன். உங்களுக்கு உது ஒரு தூசு."

படகை வாடகைக்குக் கொடுத்த வெள்ளைக்காரப் பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஏரியின் படத்தை விரித்து, அதில் பாதிக்கு மேல் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டாள். அந்தக் காலத்தில் அணை கட்டியபோது ஒரு காடே தண்ணீருக்குள் போனதாம். அடிக்கட்டைகள் எல்லாம் இன்னும் உள்ளே நிற்கின்றனவாம். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாமாம். அவள் 'ஸ்டம்ப்' 'ஸ்டம்ப்' என்று ஏழு தரம் சொன்னாள். பதற்றத்தில் பத்மநாதனுக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் தலையாட்டினார். அருள்நாயகமும் ஆட்டினார்.

உண்மையைச் சொன்னால் என்ன? பத்மநாதன் தன் அறுபது வயதில் மீன்களைச் சந்தித்ததெல்லாம் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான். நீந்தவும் தெரியாது. மல்வேர்னில் ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்த மனிதர். பீற்றர்பரோ நகரத்துக்கும் வடக்கே, விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு தகரப் படகில் ஏறவேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து?

மகளின் கல்யாணம். அதுதான் தலையெழுத்து.

நிலாணியும் கிருபனும் நான்கு வருடமாக விரும்புகிறார்கள். கிருபனின் தகப்பன்தான் அஜக்ஸில் இருக்கும் அருள்நாயகம். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சம்பந்தியோட ஒருக்காப் பழகிப் பாப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் இரண்டு குடும்பத்துக்கும் வேண்டப்பட்ட அன்ரனெற்றிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது: 'அருள்நாயகம் அண்ணைக்கு மஸ்கி எண்டா உயிர். சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒண்டாப் போங்கோ. எல்லாம் சரிவரும்.'

"மஸ்கி எண்டா என்ன பிள்ளை?" என்று பத்மநாதன் கேட்டார்.

நிலாணி போனில் தேடிப் பார்த்தாள். "பெரிய ஃபிஷ் அப்பா. லைக், உங்கட உயரம் வரும். சனிக்கிழமைதான் சீசனும் ஓப்பின் ஆகுது!"

சனிக்கிழமையும் பொருந்தியதோடு சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று. பத்மநாதன் உடனே அஜக்ஸுக்கு போன் எடுத்தார்.

"அண்ணை, சனிக்கிழமை மஸ்கிக்குப் போவமே?"

மறுமுனையில், "ஓம்... உங்களுக்கு அவ்வளவு விருப்பமே?" என்று கேட்டது.

"எனக்கோ? உயிர்!"

"அப்ப சரி," என்று அருள்நாயகம் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். அது ஆனந்தத்தில் விட்ட மூச்சு என்று பத்மநாதன் எடுத்துக்கொண்டார்.

வெளிக்கிடும்போது நிலாணி வாசல்வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ப்ளீஸ். போட்டில பாடக்கூடாது. ஓகே? சத்தம் கேட்டா ஃபிஷ் எல்லாம் போயிடும். பிறகு அங்கிளும் போயிடுவார்."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் வேறொரு மாப்பிள்ளைப் பகுதி பெண் கேட்டு வந்தது. தேத்தண்ணி வருவதற்குள் பத்மநாதன் காம்போதியில் ஆலாபனையைத் தொடங்கிவிட்டார். ஒன்றேகால் மணித்தியாலம். மாப்பிள்ளையின் தகப்பன் பார்க்கிங் மீற்றருக்குக் காசு போட்டுவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனவர், இன்றுவரை திரும்பவில்லை. அந்தத் தெருவில் மீற்றரே கிடையாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்குத்தான் கத்தும், பத்மநாதனுக்குக் காலநிலை தேவையில்லை.

ஆகவே இன்று வாயைக் கட்டிக்கொண்டு மோட்டாரைப் பிடித்தார்.

பஸ்ஸில் வலது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போகும். இந்த மோட்டாரின் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் போயிற்று. பத்மநாதன் அதைத் திருத்தப் போக, படகு மூன்று வட்டம் அடித்தது.

"இடம் பாக்கிறியள் போல," என்றார் அருள்நாயகம் மரியாதையாக.

"ஓமோம். முதல்ல ஒருக்கா இடம் பாக்கவேணும்."

நான்காவது வட்டத்தில் படகு தானாக ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு போய் நின்றது. சிவப்புப் பேனை வட்டத்தின் நட்டநடு அது.

அழகான இடந்தான். தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் அசையாமல் கிடந்தது. முகில்கள் மேலே போனதைவிடக் கீழே மெதுவாகப் போயின. இங்கே வந்து ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதுதான் மஸ்கிக்காரர்களின் சுகம் போலிருக்கிறது என்று பத்மநாதன் நினைத்தார். அவருக்குத் தொண்டை அரித்தது.

தூண்டிலை எறிந்தார். முதல் எறியிலேயே பிடித்தது.

"மஸ்கி!" என்று கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

இழுத்தார். தடி வில்லாக வளைந்தது. அருள்நாயகம் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். இருபது நிமிடம். மீன் ஒரு அங்குலம் நகரவில்லை.

"எப்பேர்ப்பட்ட சாமான்!" என்றார் அருள்நாயகம் மூச்சு வாங்க. "இப்ப என்ன செய்யிறது அண்ணை?"

பத்மநாதன் முந்தின இரவு பார்த்த வீடியோ கைகொடுத்தது. "உதைக் களைக்க விடவேணும்."

தடியைப் படகோடு கட்டிவிட்டு, மீன் களைக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வெயில் மெல்ல ஏறியது. நெஞ்சில் போட்ட குழந்தையைத் தட்டுவதுபோலத் தண்ணீர் படகைத் தட்டியது. ஒரு நிமிடம் என்று பத்மநாதன் கண்ணை மூடினார்.

கனவில் அவர் பாடிக்கொண்டிருந்தார். படகே மேடையாகியிருந்தது. தண்ணீருக்குள் நின்ற காடு முழுக்க எழும்பி வந்து, ஈரத்தோடு வரிசையாக இருந்து கேட்டது. ஒரு மரமாவது மீற்றருக்குக் காசு போட எழும்பவில்லை. காம்போதி கேட்காமலே வந்தது. யாரோ மிருதங்கம் வாசித்தார்கள். ஆகா, என்ன கை அது! அவர் இழுத்த இடத்தில் காத்து நின்றது, விட்ட இடத்தில் தொட்டுக்கொண்டது, கடைசியில் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு தீர்மானம் வைத்துச் சரியாகச் சமத்தில் கொண்டுவந்து இறக்கியது. இப்படி ஒரு பக்கவாத்தியம் கிடைத்தால் செத்தாலும் பரவாயில்லை என்று பத்மநாதனுக்கு இருந்தது.

"சபாஷ்!" என்று கத்திக்கொண்டு விழித்தார்.

அருள்நாயகம் கூலர் பெட்டிக்கு முன்னால் கால்களை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தார். சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். முகம் வியர்த்திருந்தது.

"நான்... நித்திரையில ஏதும் சத்தம் போட்டனானோ?" என்று பத்மநாதன் பயந்து பயந்து கேட்டார்.

"இல்லை, இல்லை. நான் ஏதும் சத்தம் போட்டனானோ?"

"இல்லையே."

இருவரும் வேறு வேறு திசையில் தண்ணீரைப் பார்த்தார்கள்.

மீன் இன்னும் களைக்கவில்லை. உதவிக்கு அருள்நாயகம் தன் தூண்டிலையும் அதே இடத்தில் எறிந்தார். அதுவும் பிடித்தது, அசையவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று மோட்டாரைப் போட, படகு எதன் மேலோ ஏறி, ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்துகொண்டது. துடுப்பால் ஊன்றித் தள்ளினார்கள். துடுப்பு சேற்றில் நின்றுகொண்டது, படகு மட்டும் அரை அடி தள்ளிப் போயிற்று. துடுப்பை எட்டிப் பிடிக்கப்போன பத்மநாதன் தலைகீழாகத் தண்ணீருக்குள் விழுந்தார்.

"ஐயோ! எனக்கு நீந்தத் தெரியாது! என்ர பிள்ளையின்ர கலியாணம்!"

"அண்ணை!" என்று அலறிக்கொண்டு அருள்நாயகமும் குதித்தார்.

பிறகு இருவரும் எழும்பி நின்றார்கள். தண்ணீர் இடுப்பளவு.

குளிரில் பல் அடிக்க, பத்மநாதன் நூலைப் பிடித்துக்கொண்டே போய், தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினார். நீளமாக, வழுவழுவென்று, உருண்டையாக இருந்தது. பட்டை உரிந்தது.

"என்ன அண்ணை, மஸ்கியோ?"

"மரம்," என்றார் பத்மநாதன்.

அப்போது அருள்நாயகத்தின் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த இன்னொரு கட்டை மெதுவாக நகர்ந்தது. நாலடி நீளம். பச்சையும் பழுப்புமாகக் கோடு. அது இருவருக்கும் நடுவால், ஒரு அவசரமும் இல்லாமல், கனவில் போவதுபோலப் போய் இருட்டுத் தண்ணீருக்குள் மறைந்தது.

"கவனம் அண்ணை, கட்டையள் மிதக்குது," என்றார் அருள்நாயகம்.

வாடகைக்காரப் பெண்மணி வேறொரு படகில் வந்து கயிறு கட்டி இழுத்துப்போனாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது அருள்நாயகம் காரை ஓட்டினார். நெடுஞ்சாலைக்கு ஏறிய பிறகுதான் தொண்டையைச் செருமினார்.

"அண்ணை, ஒரு விசயம் நேராச் சொல்லவேணும். சம்பந்தி எண்டா ஒத்த விருப்பம் ஒண்டு வேணும். பிள்ளையள் தங்கட பாட்டில போயிடுங்கள். கடைசியில நாங்கள்தானே முகம் பாத்துக்கொண்டு இருக்கப்போறம்."

"ஓம்," என்றார் பத்மநாதன்.

"நீங்கள் மஸ்கியில இவ்வளவு பெரிய ஆள். நான்..." அருள்நாயகம் நிறுத்தினார். "வேண்டாம். வீட்டை போய்க் கதைப்பம்."

பத்மநாதனுக்கு விளங்கிவிட்டது. மனிதர் கண்டுபிடித்துவிட்டார். பெரிய ஆள் என்று நக்கலாகச் சொல்கிறார். மரத்தைப் பிடித்துவைத்துக் களைக்க விட்டவனிடம் யார் பெண் எடுப்பார்கள்? நிலாணியின் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்கு அழுகை வந்தது. சேறு பட்ட தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அஜக்ஸில் அருள்நாயகம் வீட்டு வாசலில் கார் நிற்பதற்குள் நிலாணி ஓடிவந்தாள். நனைந்து, சேறும் பாசியுமாக இறங்கிய தகப்பனைப் பார்த்து அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"அப்பா," என்று காதுக்குள் கேட்டாள். "பாடினீங்களா?"

"தெரியேல்ல பிள்ளை," என்றார் பத்மநாதன். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை.

பின்னால் பட்டுச் சேலையும் கைப்பையுமாக அன்ரனெற் படியிறங்கி வந்தார். இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்து வாயில் கைவைத்தார்.

"என்ன அண்ணைமார் உது கோலம்? ஆறரைக்குத் தொடங்குது. நான் ரிக்கெட்டும் கையுமா நிக்கிறன், ரெண்டு பேரும் இன்னும் குளிக்கவுமில்லை!"

"என்ன தொடங்குது?" என்றார் பத்மநாதன்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லித்தானே விடிய வெள்ளண போனனாங்கள்," என்று அருள்நாயகம் கோபத்தோடு தொடங்கினார். "இவருக்கு மஸ்கி எண்டா உயிரெண்டு எனக்கு நீங்கள்தானே மெசேஜ் போட்டனீங்கள்!"

"உங்களுக்கோ?" என்றார் பத்மநாதன். "உங்களுக்குத்தான் உயிரெண்டெல்லோ எனக்குப் போட்டவ!"

இருவரும் முதல்தடவையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள்.

அன்ரனெற் கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, தான் அனுப்பியதை ஒருமுறை வாசித்தார். இன்னொருமுறையும் வாசித்தார்.

"மாதாவே! நான் மியூசிக் எண்டல்லோ அடிச்சனான், உந்த அறுந்த போன் அதை மஸ்கி ஆக்கிப்போட்டுது!"