வழிமொழிபவர்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் மகள், அதாவது உங்கள் மருமகள், பதினோராம் வகுப்பில் சமூக அறிவியல் பிரிவில்தான் சேருவேன் என்கிறாள். அறிவியல் பிரிவில் இடம் கிடைத்தும் வேண்டாமாம். வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள். வியாழனுக்குள் ஒரு நடை வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

எல்லாம் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடத்தில் ஆரம்பித்தது. 'உங்கள் வீட்டில் முடிவெடுப்பவர் யார்?' என்று மூன்று வாரம் கவனித்து அறிக்கை எழுதச் சொன்னார்களாம், சேர்க்கைப் படிவத்தோடு அதையும் கொடுக்க வேண்டுமாம். "இதுக்கு எதுக்கும்மா மூணு வாரம்? அப்பான்னு எழுதிட்டுப் படு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நோட்டில் கோடு கிழித்து, முன்மொழிந்தவர் என்று ஒரு பக்கமும் வழிமொழிந்தவர் என்று மறுபக்கமும் எழுதினாள். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் வாய் திறக்க வழியில்லை. கூடத்துச் சுவருக்கு இளம்பச்சை அடிப்பது என்று நான் தீர்மானித்து அறிவித்தேன் அல்லவா, அதை உங்கள் தங்கை முந்தின நாளே பெயிண்டரிடம் சொல்லி முடித்திருந்தாராம், ஆகவே நான் வழிமொழிந்தவர். பழைய சோபாவைத் தள்ளிவிட்டதில் வழிமொழிந்தவர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்களே, என் பல், என் வாய், அதிலும் நான் வழிமொழிந்தவர்தான், ஏனென்றால் டாக்டரிடம் நேரம் வாங்கியது உங்கள் தங்கை. மூன்று வாரத்தில் நான் "சரி" சொன்னது நாற்பத்தொரு தடவை. முன்மொழிந்தது ஒரே ஒரு தடவை, மின்விசிறியைக் குறைக்கலாம் என்று. அது தோற்றுப்போனது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேருந்துப் பணிமனையில் பத்தொன்பது வருடமாக நேரக் காப்பாளராக இருப்பவன் நான். "பணிமனைக்கு வந்து பாரு. நான் விசில் ஊதாம ஒரு வண்டி நகராது" என்றேன். வந்தாள், பள்ளி விட்டதும் என் மேசைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்தாள். கடைசி நாள், "அப்பா, டிரைவர் வண்டிய எடுத்தப்புறம்தான் நீங்க ஊதுறீங்க" என்றாள். அது ஓட்டுநர்கள் காதில் விழுந்து, இப்போது ஒவ்வொருவரும் ஜன்னலில் தலையை நீட்டி, "கொஞ்சம் வழிமொழிங்க சார்" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். மச்சான், அறிவியல் படித்தால் தவளையை அறுப்பாள். இதைப் படித்தால் நம்மையல்லவா அறுக்கிறாள்! அதனால்தான் சொல்கிறேன், எப்படியாவது வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும். யாருக்கு எது என்று உங்கள் துணைவியார் பார்த்துப் பிரித்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: இதுவரை எழுதியதை உங்கள் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். "அண்ணனுக்கு எதுக்கு அலைச்சல்? பிள்ளைக்குப் புடிச்சதைப் படிக்கட்டும். கையெழுத்தப் போடுங்க" என்றார். சரி என்றேன். நாற்பத்திரண்டு. ஆகவே நீங்கள் வர வேண்டாம்.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். 'அப்பா தானாக எடுத்த முடிவு: ஒன்று. மாலை ஐந்து நாற்பது வண்டியைத் தினமும் இரண்டு நிமிடம் பிடித்து வைக்கிறார். மருத்துவமனையில் துப்புரவு வேலை முடித்த பெண்கள் அந்த வண்டிக்கு ஓடி வருகிறார்கள். இதற்கு அவர் யாரையும் கேட்கவில்லை.' பதிவேட்டில் நான் ஐந்து நாற்பது என்றே எழுதிவருவதையும் குறித்திருக்கிறாள். மேலாளர் கண்ணில் பட்டால் வேலைக்கே உலை. "அந்த வரிய எடுத்துடும்மா" என்றேன். "எடுத்துட்டா உங்களுக்கு முட்டைதாம்ப்பா வரும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

காலையில் மேலாளரைப் பார்த்து, அந்த வண்டியின் நேரத்தை ஐந்து நாற்பத்திரண்டு என்று மாற்றச் சொல்லிக் கேட்கப்போகிறேன். இதை இன்னும் உங்கள் தங்கையிடம் சொல்லவில்லை.