அறுப்பு மிஷினுக்கு ஒரு வெப்சைட்

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தன்னுடைய கம்ப்யூட்டரில் ஒன்று ஓடிவிட்டால், அது உலகம் முழுக்க ஓடுகிறது என்று நம்பிவிடுவார்கள். எனக்கு அந்த வியாதி முற்றிய நேரத்தில் மயிலாடுதுறை பக்கம் குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். வேலை கிடைத்திருந்தது, எப்போது வந்து சேரச் சொல்வார்கள் என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். (உட்கார்ந்திருந்தேன் என்பது என் கணக்கு. "படுத்தே கெடந்தா" என்பது அம்மாவின் கணக்கு.) அப்பாவிடம் ஓர் அறுப்பு மிஷின் இருந்தது. சேற்றிலும் இறங்கி அறுக்கும் பெல்ட் வண்டி. சீசன் வந்தால் அவர் போன் ஓயாது. யார் வயலுக்கு என்றைக்கு வண்டி போகவேண்டும் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள்தான் இருக்கும். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே நாலு பேருக்கு நாள் கொடுப்பார்.

நான் படித்த படிப்புக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமுடியுமா?

"அப்பா, நான் ஒரு வெப்சைட் பண்ணித் தர்றேன். எல்லாரும் அதுலயே புக் பண்ணிக்கட்டும். நீங்க நிம்மதியா சாப்பிடலாம்."

"செலவு?"

"ஒண்ணும் கிடையாதுப்பா."

அதுதான் வினை. செலவே இல்லாமல் செய்ய ஒரு வழி எனக்குத் தெரியும். ஒரே ஒரு வரி கட்டளை தட்டினால் நம் லேப்டாப்பே ஒரு குட்டி சர்வராகிவிடும். எழுதிய பக்கத்தை வீட்டுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்வதற்காக உண்டான எளிய சமாசாரம் அது. "சோதனைக்கு மட்டும், பொது உபயோகத்துக்கு வைக்காதீர்கள்" என்று கிளம்பும்போதெல்லாம் எச்சரித்துவிட்டுத்தான் கிளம்பும். சிகரெட் பிடிப்பவர்கள் பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்ப்பதுபோல நானும் தினம் அதைப் பார்த்தேன்.

பக்கம் தயாரானது. என் போனில் திறந்தது. அம்மா போனில் திறந்தது. அப்பா போனிலும் திறந்தது. மூன்று போனும் எங்கள் வீட்டு வைஃபையில் இருந்தன என்பது என் புத்திக்கு எட்டவில்லை. உடனே ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டேன். அப்பா கைகூப்பி நிற்க, பின்னால் மிஷின் நிற்க, கீழே நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கி புள்ளி புள்ளியாக ஒரு நீளமான முகவரி. உரக்கடை வாசலில் கட்டினோம்.

முதல் போன் ராஜாங்கம் சித்தப்பாவிடமிருந்து. சொந்தச் சித்தப்பா இல்லை, பக்கத்துத் தெரு. குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர்.

"பாப்பா, அந்த நம்பருக்குப் போட்டேன். எண்ணைச் சரிபார்க்கவும்னு ஒரு பொண்ணு சொல்லுது. அது நீயா?"

அது போன் நம்பர் இல்லை என்று விளக்கினேன். பிறகு, திறக்கவே மாட்டேன் என்கிறது என்று வரிசையாகப் புகார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, "உங்க போன் பழசு", "உங்க ஊர்ல டவர் சரியில்ல" என்று சமாளித்தேன். கடைசியில் ராஜாங்கம் சித்தப்பா நேரிலேயே வந்துவிட்டார். எங்கள் வைஃபையை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். பளிச்சென்று திறந்தது. எங்கள் வீட்டு வைஃபைக்குள் மட்டும்தான் அந்த முகவரி வேலை செய்யும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் ஃப்ளெக்ஸ் அடித்தாகிவிட்டதே! "புக் பண்ணணும்னா வீட்டுக்கு வந்து வைஃபை போட்டுக்குங்க" என்று ஊருக்கு அறிவித்துவிட்டேன்.

வந்தார்கள். மாட்டுக்கொட்டகை வரைக்கும்தான் சிக்னல் எட்டும் என்பதால், ஆளுக்கொரு போனோடு மாடுகளுக்கு நடுவே நின்று ஆன்லைனில் பதிவு செய்தார்கள். அம்மா டீ போட்டு மாளவில்லை.

"முன்னல்லாம் ஒரு போன்ல சொல்லிட்டு வேலையைப் பார்ப்பாங்க. இப்ப ஆன்லைன்னு சொல்லி ஊரே வீட்டுக்கு வருது" என்றாள்.

ராஜாங்கம் சித்தப்பாதான் முதல் ஆளாகப் பதிவு செய்தவர். வியாழக்கிழமைக்கு. அவருக்கு அவசரம் இருந்தது. நெல் முற்றிச் சாய ஆரம்பித்துவிட்டது, வெள்ளிக்கிழமையிலிருந்து கனமழை என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் அறுத்தால் நெல், பின்னால் அறுத்தால் நாற்றங்கால். குத்தகை கொடுப்பதும் குடும்பம் நடப்பதும் அந்த வயலை நம்பித்தான். "கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுல்ல பாப்பா?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போனார். நானும் ரெண்டு தடவை ஆமாம் என்றேன்.

புதன்கிழமை காலையில் நான் கும்பகோணம் போயிருந்தேன். அம்மா மாவு அரைக்க கிரைண்டரைப் போட்டாள். பிளக் பாயின்ட்டில் என் சார்ஜர் இருந்தது. பிடுங்கிவிட்டாள். காலேஜில் நாலு வருஷம் உழைத்த என் லேப்டாப்புக்கு பேட்டரி என்பது பேருக்குத்தான். சார்ஜரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். போனது. வந்து பார்த்து, மறுபடி ஒரு வரி கட்டளை தட்டினேன். பக்கம் அழகாகத் திறந்தது. பதிவுகளை எங்கேயும் சேமித்துவைக்க நான் எழுதவே இல்லை, அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பது அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. சாயங்காலம், மயிலாடுதுறையை அடுத்த குத்தாலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, வியாழக்கிழமை காலியாக இருக்கிறதே என்று சந்தோஷமாகப் பதிவு செய்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை விடிகாலையில் அப்பா போனைப் பார்த்துவிட்டு யோசித்தார்.

"ஏம் பாப்பா, இன்னிக்கு ராஜாங்கம் வயல்னு நெனச்சேன். குத்தாலம்னு போட்டிருக்கு?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுப்பா" என்றேன். பாதித் தூக்கத்தில் சொன்னேன் என்று இன்றுவரை வாதாடிப் பார்க்கிறேன், எடுபடவில்லை.

பத்து மணிக்குச் சித்தப்பா போன். சாக்கு, தார்ப்பாய், டிராக்டர் சகிதம் வரப்பில் நிற்கிறார்.

"அண்ணே, வண்டி எங்க வருது?"

"எந்த வண்டி?" என்றார் அப்பா. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் அவர் என்னை அடித்தே இருக்கலாம்.

டிரைவர் போனை எடுக்கவில்லை. மிஷின் சத்தத்தில் எங்கே கேட்கும்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குத்தாலம் பக்கம் பறந்தேன். அறுப்பு பாதியில் இருந்தது. நடுவயலில் இறங்கிக் கையாட்டினால், வேடிக்கை பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து டிரைவரும் கையாட்டினார். பாதியில் வண்டியைத் தரமுடியாது என்றார் அந்த வயல்காரர். நியாயம்தான், அவருக்கும் அதே மழை. முடியும்வரை வரப்பில் நின்றேன். பிறகு, பெல்ட் வண்டி ரோட்டில் ஓடாது, லாரியில்தான் ஏற்றவேண்டும். அந்த லாரி வேறு டீசல் போடப் போயிருந்தது. வானம் கறுத்துக்கொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை என்று சொன்ன மழைக்கு என்ன அவசரமோ!

நாலரை மணிக்கு வண்டி சித்தப்பா வயலில் இறங்கியது. முக்கால்வாசி அறுத்தபோது மழை பிடித்துக்கொண்டது. வரப்போரம் நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கு மேல், அப்படியே தண்ணீரில் படுத்தது. நான் அழுதுவிட்டேன். சித்தப்பா தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்தபடி கிட்டே வந்தார்.

"அழாத பாப்பா. ஒண்ணு செய். அந்தக் கம்ப்யூட்டரை ஒருதரம் இங்க கொண்டா. காலையிலேருந்து எவன் நின்னான்னு அதுவும் பார்த்துக்கட்டும்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மழை விட்டு அந்த நாலு மாவை அறுத்தபோது, கதிரிலேயே பாதி முளைத்திருந்தது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். அப்பா நல்ல நெல்லுக்கு என்ன விலையோ அதைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, மூட்டைகளை எங்கள் வீட்டில் இறக்கினார். "இதை நாமதான் சாப்பிடணும்" என்றார்.

சாப்பிட்டோம். அம்மா ஊறவைத்து, அவித்து, காயவைத்து, என்னென்னவோ செய்தாள். சோறு பழுப்பாக இருக்கும், நனைந்த கோணிப்பை வாடை அடிக்கும். எந்தக் குழம்புக்கும் அது அடங்கவில்லை. அப்பா தினமும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த நான் எப்படி முகம் சுளிப்பேன்? வேலையில் சேரும் கடிதம் வந்து சென்னைக்குக் கிளம்பிய அன்றும் அந்த அரிசியில்தான் அம்மா எனக்குப் புளிச்சோறு கட்டினாள். அதற்கு "வெப்சைட் அரிசி" என்று பேர் வைத்ததும் அம்மாதான். பேர் ஒரே வாரத்தில் தெருவைத் தாண்டிவிட்டது. (என் வெப்சைட் மாட்டுக்கொட்டகையைத் தாண்டவில்லை.)

என் கல்யாணம் மயிலாடுதுறையில் நடந்தது. முதல் பந்தியில் எங்களுக்கு எதிரே ராஜாங்கம் சித்தப்பா. சோறு விழுந்ததும் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். என் கணவரைப் பார்த்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "மாப்ள, தைரியமா சாப்பிடுங்க. இது வெப்சைட் அரிசி இல்ல!" என்றார். பந்தியில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பாதி மாப்பிள்ளை வீட்டார் என்பதால், என்ன ஏது என்று விசாரித்தார்கள். சித்தப்பா பாயசம் வரும்வரை விளக்கினார்.

இப்போது கடையிலிருந்து புது அரிசி மூட்டை வந்தால் என் மாமியார் உடனே உலையில் போடுவதில்லை. ஒரு பிடி எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே நீட்டி, "நீயே பார்த்துச் சொல்லும்மா, இது உன் கம்பெனி சரக்கா?" என்று கேட்கிறார்.