செருப்பு அழுக்காகாத வழி

ஹயாத் பாஷா முழங்கை வரை சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரசூல் பீவியின் இடது செருப்பு உள்ளே எங்கோ இருந்தது. வலது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

“கெடைக்குமா, கெடைக்காதா?”

“இங்கதான் எங்கியோ பூந்துடுச்சி. கொஞ்சம் இரு.”

“இருக்கறதெல்லாம் இன்னையோட சரி. செருப்பு போட்டுக்கினு நடக்கற மாதிரி வழி போட்டுட்டு அப்பறம் கூப்புடுங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலை வச்சிக்கூட படுக்க மாட்டேன்.”

பாஷா சேற்றிலிருந்து கையை உருவினார். உளுந்தூர்பேட்டை பைபாசில் தார்ப்பாய்க் கடை வைத்து, பகலெல்லாம் லாரி இரைச்சலில் காது மரத்துப் போனவர் அவர். களமருதூர் நாராயணசாமி, உழ ஆளில்லாத தன் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து டவுன்காரர்களுக்குக் காய்கறி போடக் கொடுத்தபோது, முதல் ஆளாய் ஓடியவரும் அவர்தான். மேட்டுப்பாத்தி கட்டி வெண்டை, கத்தரி, பீர்க்கு எல்லாம் போட்டார். காய்க்காக அல்ல, ஒரு கனவுக்காக.

கனவு இதுதான். அந்தி நேரம். பீர்க்கங்கொடியில் மஞ்சள் பூக்கள் அப்போதுதான் கண் திறக்கின்றன. பாத்திகளுக்கு நடுவே அவரும் ரசூல் பீவியும் மெதுவாக நடக்கிறார்கள். மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிகிறது. அது மலையில்லை, மேகம் என்று நாராயணசாமி பலமுறை சொல்லிவிட்டார், பாஷா ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து நடந்தது என்றால், பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான். ஒரே ஒரு நாளாவது அவளோடு நிதானமாக நடக்க வேண்டும் என்று அவர் மனம் ஏங்கியது.

“சிமெண்ட் போட்டுட்டா இன்னா?” என்று நாராயணசாமியைக் கேட்டுப் பார்த்தார்.

“சிமெண்ட் மூட்டை உள்ள வந்திச்சின்னா, நீங்க வெளிய போயிடணும் பாய்.”

ஆக, சும்மா கிடைப்பதைக் கொண்டுதான் வழி போட வேண்டும். கடலை உடைக்கும் மில்லில் தோலை அள்ளிப் போகச் சொன்னார்கள். மூட்டை மூட்டையாய்க் கொண்டுவந்து கொட்டினார். நடந்தால் மொறுமொறுவென்று சத்தம், காலுக்கு மெத்தென்று சுகம். தோலோடு தோலாக உடையாத கடலையும் வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஒரு மழைக்கு வழி முழுக்கப் பச்சைப் பசேலென்று முளைத்துவிட்டது. மிச்சக் கடலையைத் தேடி எலிகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன.

“வழியில மல்லாட்ட மொளச்சிருக்கு, வந்து பாக்கறியா?” என்றார் ஆசையாக.

“எலி வந்தா பின்னாலயே பாம்பு வரும். நான் வரல.”

தோலை வாரிவிட்டு, கரும்பு ஜூஸ் கடைகளில் சக்கையைக் கேட்டு வாங்கிப் பரப்பினார். வழி வெள்ளை வெளேரென்று, நிலா வெளிச்சம் சிந்தியது போல் கிடந்தது. பாஷா அதன் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கனவு கண்டார். எறும்பு கடித்து எழுந்தார். மறுநாள் இனிப்பு வாசனைக்கு நாராயணசாமியின் கன்றுக்குட்டி வேலியைத் தாண்டி வந்து, சக்கையைத் தின்று, வாய்க்கு மாற்றாகக் கத்தரியையும் மேய்ந்துவிட்டுப் போயிருந்தது.

பாஷா அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், மிதிபட்ட கத்தரி, யாரோ குச்சி ஊன்றி மண் அணைத்தது போல நிமிர்ந்து நின்றது.

“என் கைராசி அப்பிடி. செடி தானா எழுந்து நிக்குது!” என்று வீட்டில் வந்து பெருமை அடித்தார்.

ரசூல் பீவி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “வழிதான் நிக்க மாட்டேங்குது.”

மூன்றாவதாகக் கடையிலிருந்த கிழிந்த தார்ப்பாய்களை நீள நீளமாக வெட்டி விரித்தார். அன்று பெய்த மழையில் தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் இரண்டு பக்கமும் பாத்திக்குள் பாய்ந்தது. பாஷா ஈரத் தார்ப்பாயில் காலை வைத்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார்.

“வெண்டக்கா பாத்தி திருப்பத்துல வழுக்கும்னு தெரியாதா உங்களுக்கு?” என்று இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள் ரசூல் பீவி. அந்தத் திருப்பத்தைப் பற்றி எப்போது சொன்னோம் என்று பாஷா யோசித்தார். தான் பேசுகிற பேச்சில் சொல்லாமலா இருந்திருப்போம் என்று விட்டுவிட்டார்.

கடைசியில் திருநாவலூரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். உடைந்த ஓடுகளை ஏற்றி வந்து, அடியில் மணல் கொட்டி, மேலே ஓடுகளை நொறுக்கிப் பரப்பி, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கினார். மழை பெய்தது. தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிப் போயிற்று. வழி செக்கச்செவேலென்று நின்றது. எலி இல்லை, எறும்பு இல்லை, வழுக்கல் இல்லை. பாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த ஞாயித்துக்கிழம கடைக்கு லீவு வுட்றேன். காலையிலயே போயிட்டு வரலாம், வா.”

ரசூல் பீவிக்கு முகம் மாறியது. “காலையில வேணாம். சாயங்காலமா போலாம்.”

“ஏன்?”

“காலையில நான் தங்கச்சி ரஜியா வூட்டுக்குப் போவணும்.”

“தெனமும் தான் போற. ஒரு நாளு போவலன்னா குடியா முழுகிடும்? நானே தோட்டத்த காலையில பாத்ததில்ல. கடையத் தொறந்தா சாயங்காலம்தான வெளிய வர முடியுது!”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தோட்டத்தில் பனி இன்னும் விலகவில்லை. பீர்க்கம்பூக்கள் வாடத் தொடங்கியிருந்தாலும் பாஷா அதைக் கவனிக்கவில்லை. அவளுடைய செருப்பு ஓட்டுத் தூளில் சரக் சரக்கென்று ஒலிக்க, அவர் பக்கத்தில் நடந்தார். கனவு அப்படியே, ஒரு நூல் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. மேற்கே மலையும் தெரிந்தது.

“பாத்தியா, செருப்புல ஒரு பொட்டு சேறு இல்ல!”

ரசூல் பீவி தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள்.

பக்கத்துத் துண்டில் களை பறித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். பச்சையம்மாள் என்று பெயர். காலையில் மட்டுமே வந்து போகிறவள் என்பதால் பாஷா அவளைப் பார்த்ததே இல்லை. அவளோ ரசூல் பீவியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள்:

“இன்னாக்கா, தெனமும் காலையில வெறுங்கால்ல சேத்த மிதிச்சிக்கினு வந்து வேல பாப்பீங்க, இன்னைக்கி மட்டும் செருப்பு மாட்டிக்கினு வந்திருக்கீங்க?”