கன்னத்துண்டு தின்ற பாம்பு

பெருமதிப்பிற்குரிய யூஸ்தினா அக்காவுக்கு,

உங்கள் தங்கை ஸ்டெஃபாவின் கணவன் நெஸ்டர் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் ஏரியும் நலம். வினிபெக் குளிரில் உங்கள் முழங்காலும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். காலை பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்தவள் என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் நிஜம்தான். ஆனால் பாதி நிஜம். மீதியையும் கேட்டுவிட்டு அவளைத் திருப்பி அனுப்பிவையுங்கள், புண்ணியமாகப் போகும்.

பாம்பு என்றதும் பயப்படாதீர்கள். நம் பக்கத்துப் புல்லில் திரியும் மஞ்சள் கோடு போட்ட பாம்புதான், விஷம் கிடையாது. புல்வெட்டும் மெஷினில் வாலைக் கொடுத்துவிட்டுக் கிடந்தது. புண் ஆறட்டும், தரை உறைவதற்குள், குளிர்காலத்துக்குப் பாம்பெல்லாம் கூடும் சுண்ணாம்புப் பாறைக் குழியில் அதன் சொந்தபந்தத்தோடு விட்டுவிடலாம் என்று பழைய மீன்தொட்டியில் வைத்தேன். சாப்பாடுதான் பெரும்பாடு. அவித்த முட்டை வைத்தேன், சாசேஜ் வைத்தேன், ஸ்டெஃபா செய்த முட்டைக்கோஸ் உருண்டையைக்கூட வைத்தேன். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. தூண்டிலுக்கு வைத்திருந்த மண்புழுவைக் காட்டியதும் நூடுல்ஸ் மாதிரி உறிஞ்சியது! "ஃப்ரிட்ஜுல வெண்ணெ டப்பா பக்கத்துல புழு டப்பாவா?" என்று ஸ்டெஃபா கத்தினாள், ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். பாம்பு பயந்தால் பின்னாலிருந்து ஒரு நாற்றம் விடும்; என் கோட்டில் விட்டது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அந்த வரிசை முழுக்க நான் மட்டும்தான். அதையும் பொறுத்துக்கொண்டாள். புழு தீர்ந்ததும்தான் வினை வந்தது.

வலையில் வந்த பிக்கரல் மீனின் கன்னச்சதை பாம்பின் வாய்க்கு அளவெடுத்த மாதிரி இருந்தது அக்கா. ஊட்டிவிட்டேன். ஸ்டெஃபா தட்டைப் பார்த்தாள். வால் துண்டு மட்டும் இருந்தது.

"யோவ், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கன்னத்துண்டு எனக்குத்தானேய்யா?"

"பாவம், வாயில்லா ஜீவன்டி."

"வாய் இருக்கப் போய்தானே தின்னுச்சு! அதுக்குக் கன்னம், எனக்கு வாலா? அது கூடவே குடும்பம் நடத்து, போ!"

கம்பளி பின்னும் பையை வாரி எடுத்துக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போய்விட்டாள். நான் அப்போது தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த நீலப்பூப் போட்ட தலையணை உறைக்குள் பாம்பை முடிந்து வைத்திருந்தேன். இதோ, இதை எழுதும்போது என் காலடியில் சமர்த்தாகத் தூங்குகிறது. ஒரு அசைவு இல்லை! இப்போதே குழியில் விட்டுவிட்டு வருகிறேன். அவள் இல்லாத வீடு சகிக்கவில்லை அக்கா. இனி இந்த வீட்டில் பாம்பு இல்லை என்று அவளிடம் சத்தியமாகச் சொல்லுங்கள்.

உங்கள் முழங்காலுக்கும் வீட்டாருக்கும் ஆண்டவர் அருள் உண்டாகட்டும்.

தங்கள் அன்புள்ள,
நெஸ்டர்

பின்குறிப்பு: குழிக்குப் போய் முடிச்சை அவிழ்த்து, "போயிட்டு வாடா ராசா" என்று உதறினேன். சிவப்புக் கம்பளி நூல் உருண்டு பள்ளத்தில் இறங்கியது. நீங்கள் கொடுத்தது ஜோடி உறை. இன்னொன்றுதான் ஸ்டெஃபா நூல் வைத்திருக்கும் பின்னல் பை என்பது எனக்கு அங்கேதான் நினைவு வந்தது. போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். அதனால் மீன் விற்க அங்கே வரும் பக்கத்து வீட்டு ஐனாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் பின்ன உட்காருவதற்குள் தடுங்கள். பாம்பு வெளியே வந்துவிட்டால் பிடிக்காதீர்கள், என் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் அதை என் மூஞ்சியில் விட்டெறியவாவது இன்றைக்கே கிளம்பி வந்துவிடுவாள். ஐனார் வண்டியில் இடம் இருக்கிறது. கன்னத்துண்டு இரண்டையும் வறுத்து மூடி வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.