மேனேஜருக்கு ஒரு கச்சாயம்

ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பிக்குள் தம் வீட்டு நாயை உட்காரப் பழக்கியே தீர்வது என்று சோமனூர் லட்சுமணசாமி முடிவு செய்தார். நாய் உட்கார்ந்து அவருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. நாய் உட்கார்ந்தால்தான் அவர் படுக்க முடியும்.

விடியுமுன் எழுந்து விசைத்தறி ஓட்டுகிறவர் அவர். மதியச் சோறு இறங்கியதும் தறிக்கூடத்துச் சுவரை ஒட்டிய கட்டிலில் சாய்வார். சுவருக்கு அப்பால் எழும் சத்தத்தில் விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவருக்கோ அது தாலாட்டு. தறி ஓடும்வரை உறங்குவார், நின்றால் விழித்துவிடுவார். நின்ற தறி சோறு போடாது என்பது அவருடைய எலும்புக்கும் தெரியும்.

அந்த உறக்கத்துக்குப் பகை இரண்டு. ஒன்று, மேனேஜர். ஆயுளில் ஒரு மேனேஜரையாவது அதட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் நாய்க்கு அவர் இட்ட பெயர் அது. காலையெல்லாம் தூங்கிவிட்டு, அவர் கண்ணயரும் வேளையில் மட்டும் வாசலில் நின்று குரைப்பது அதன் உத்தியோகம். மற்றொன்று, மனைவி அம்புஜம். மிளகாய் அரைபடவில்லை, சீரகம் தீர்ந்துவிட்டது என்பனவெல்லாம் அவர் படுத்த பிறகே அவளுக்கு நினைவுக்கு வரும்.

“ஏனம்மணி, ஒரு ஒப்பந்தம் வெச்சுக்கலாமா?”

“சொல்லுங்க.”

“நோம்பிக்குள்ள இந்த நாயை உக்காருன்னா உக்கார வெச்சுக் காட்டறேன். காட்டிப்போட்டேன்னா, அப்பறம் மத்தியானத்துல நீ என்னை எழுப்பவே கூடாது.”

“காட்டலீன்னா?”

“நீ சொல்ற நேரத்துக்கு, சொல்ற எடத்துக்குப் போறேன்.”

“இப்பவும் அப்படித்தானுங்க போறீங்க.”

“இப்ப மொனகிட்டுப் போறேன். அப்பறம் மொனகாமப் போறேன்.”

அம்புஜம் யோசித்தாள். “செரிங்க. நோம்பி வரைக்கும் நான் வாயத் தொறந்து உங்களை எழுப்ப மாட்டேன். தெம்பாப் பழக்குங்க.”

அவள் இவ்வளவு எளிதில் இணங்கியதே ஓர் எச்சரிக்கை என்பதை, களைத்த மனிதர் கவனிக்கவில்லை.

அன்றே கைப்பேசியில் நாய் பழக்கும் காணொளி ஒன்றைத் தேடிப் பிடித்தார். தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று உரக்க வைத்தார். பரிசு விலங்கின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார் அதில் பேசியவர். நாம் சொன்னதை அது செய்த கணத்திலேயே கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. அடித்தால் அது வேலையைக் கற்காது. அடிக்கிறவரிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் கற்கும். நன்றாகப் பழகிய பிறகு சொல்லே வேண்டாம். ஓர் ஓசை போதும். அத்தனையும் தெளிவாகக் கேட்டது. அடுக்களைவரை கேட்டது.

பரிசுக்குப் பேக்கரியிலிருந்து மொறுமொறுவென்ற வர்க்கி ரொட்டி வாங்கினார்.

“மேனேஜர், உக்காரு.”

மேனேஜர் அவரைப் பார்த்தது. வர்க்கியைப் பார்த்தது. குரைத்தது. வாயை மூடட்டும் என்று ஒரு துண்டு கொடுத்தார், மூடிக்கொண்டு மென்றது. இதுவும் ஒரு முன்னேற்றந்தான் என்று தேறுதல் கொண்டார். மறுநாள் அது சற்று முன்னதாகவே குரைத்தது. அடுத்தடுத்த நாள்களில், பை நிறைய இருந்த வர்க்கி தீரும்வரை குரைத்தது. பொறுமையிழந்து செய்தித்தாளைச் சுருட்டி ஓங்கினார். அன்றுமுதல் செய்தித்தாளைக் கண்டால் அவருடைய கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது, அங்கிருந்து குரைத்தது.

பக்கத்து வீட்டு யாஸ்மின் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “ஏனுங்கண்ணா, பழக்கறது யாருங்க?”

“நான்தான். ஏன்?”

“இல்லீங்க, அது ஒரு கொரல் குடுத்தா நீங்க வர்க்கியோட ஓடியாறீங்க. அதான் கேட்டேன்.”

லட்சுமணசாமி கட்டிலுக்குத் திரும்பினார். வாதாடவும் தெம்பு வேண்டுமே.

இதற்கிடையில் புதிதாக வேறொரு தொல்லை முளைத்தது. கண்ணயர்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் சுவரோரத்துத் தறி நின்றுவிடும். பதறியெழுந்து ஓடுவார். தறியருகில் அம்புஜம் நிற்பாள்.

“நூலு அந்துபோச்சா அம்மணி?”

“தெரியலீங்க. நீங்களே பாருங்க.”

குனிந்து தேடுவார். ஓர் இழையும் அறுந்திருக்காது. ஓட்டினால் தறி சமர்த்தாக ஓடும்.

“எந்திரிச்சதுதான் எந்திரிச்சுப்போட்டீங்க. அப்படியே இந்த மொளகாயை மில்லுல அரைச்சுட்டு வந்துருங்க.”

முனகிக்கொண்டே போவார். திரும்பி வந்து வாசற்படியில் கால் வைத்த கணத்திலேயே, சுடச்சுட ஒரு கச்சாயம் கைக்கு வரும். வெல்லமும் அரிசிமாவும் எண்ணெயில் வெந்த அந்த மணத்தில் முனகல் கரைந்துபோகும். நாளடைவில் நூல் அறுந்ததா என்று கேட்பதையும் விட்டுவிட்டார். தறி நிற்கும், எழுவார், பையை வாங்குவார், போவார்.

நோம்பிக்கு முதல் நாள் மதியம் மின்சாரம் போய்விட்டது. தெருவிலிருந்த தறிகளெல்லாம் ஒருசேர நின்றன.

லட்சுமணசாமி எழுந்தார். கண்ணைத் திறந்தாரா என்பது உறுதியில்லை. ஆணியில் தொங்கிய பையைத் தாமே எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்தார். என்ன வாங்க வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை என்பது அங்கேதான் உறைத்தது. திரும்பி வந்து, அடுக்களை வாசலில் நின்று கையை நீட்டினார். வாலை ஆட்டியபடி மேனேஜரும் பக்கத்தில் வந்து நின்றது.

அம்புஜம் அடுப்பிலிருந்து திரும்பினாள். “ஏனுங்க, கரண்டுதானுங்க போச்சு. இன்னைக்கு நான் ஒண்ணுமே பண்ணலீங்களே.”

நீட்டிய கை அப்படியே நின்றது. “அப்ப இத்தனை நாளாத் தறியை நிறுத்துனது?”

“வாயத் தொறந்து எழுப்பலீங்க.”

“இது ஞாயமா அம்மணி?”

“அதை விடுங்க. நாயி உக்காந்துச்சுங்களா?”

“இன்னும் பொழுது இருக்குது.”

“எதுக்குங்க பொழுது? இப்பவே பாத்துப்போடலாம்.” தட்டிலிருந்து ஒரு கச்சாயத்தை எடுத்தாள். “பரிசு கண்ணுக்குத் தெரியோணும்னு உங்க போன்காரரு சொன்னாருங்களே.” அதை உயர்த்திப் பிடித்து, நாயை நேராகப் பார்த்து, ஒரே ஒரு முறை சொன்னாள்.

“உக்காரு.”

வேட்டியைத் தாண்டிச் சிமெண்டுத் தரை சில்லென்றிருப்பது லட்சுமணசாமிக்குத் தெரிந்தது. தலையை உயர்த்திப் பார்த்தார். மேனேஜர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.