முனாப் சேர் வரைந்த வெடிப்பு

சுவர் வெள்ளையாக இருந்தது.

முனாப் வான் வண்டியிலிருந்து இறங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது. போன வாரம் வரை ஹேவாஹெட்டப் பக்கத்திலேயே அழகான சுவர் அதுதான். அடியில் ஈரம் ஏறிய கறை, நடுவில் பல பேர் முதுகு சாய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு, உச்சியில் அடுப்புக் கரி. அதைப் பார்த்துவிட்டுத்தான் டைரக்டர் வீரசிங்கம், முனாப்பை அண்ணன் முறை சொல்லி, "நானா, என்ர படம் முழுக்க இந்தச் சுவருக்கு முன்னாலதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எப்புடி இருக்கு சேர்?" என்றாள் கஜலட்சுமி. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் முதல் அறை, முதல் காம்பரா, அவளுடையது. "படம் எடுக்கிற வீடு அழுக்கா இருந்தா எங்களுக்குத்தானே அசிங்கம்? தோட்டத்துத் துரைகிட்ட கேட்டோம், சுண்ணாம்பு குடுத்தாரு."

"தங்கச்சி, எனக்கு அந்த அழுக்குத்தான் வேணும்."

"அழுக்கா?"

"அழுக்கு."

கஜலட்சுமி, வானிலிருந்து வர்ணப் பேணிகளை இறக்கிக்கொண்டிருந்த கிருஷாந்தியைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிசனுக்குச் சுகமில்லையா என்று அந்தப் பார்வை கேட்டது. கிருஷாந்தி முனாப்பிடம் படித்து, இப்போது அவருக்கே உதவியாளராக இருப்பவள். அவள் பேணியை இறக்குவதிலேயே கவனமாக இருந்தாள்.

முனாப்புக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி ஆயுள், கண்டியில் பிள்ளைகளுக்கு மேடை செட்டும் சினிமா செட்டும் போடக் கற்றுக்கொடுப்பதில் போனது. மற்றப் பாதி, பிறர் படங்களுக்கு செட் போடுவதில் போனது. நல்ல செட்டை யாரும் செட் என்று கண்டுபிடிக்க மாட்டார்கள். அதனால் அவரையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. படம் முடிந்து ஓடும் பெயர்களில், சாப்பாடு கொண்டுவந்தவருக்கும் வான் ஓட்டியவருக்கும் நடுவில் அவர் பெயர் வரும். அதற்குள் சனம் வாசலைத் தாண்டிவிடும். இந்தப் படத்தில்தான் முதல்முறையாக 'கலை இயக்கம்: முனாப்' என்று முன்னாலேயே, தனியாக, பெரிதாக வரப்போகிறது. மனைவி றலியா அதைப் பிலிமத்தலாவை முதல் நாவலப்பிட்டி வரைக்கும் உள்ள சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

அவர் வீரசிங்கத்துக்கு ஃபோன் எடுத்தார்.

"வெள்ளையோ?" என்றார் வீரசிங்கம். "நானா, வாற வியாழன் நான் அங்க நிப்பன். சுவர் பழசா இல்லாட்டி கொழும்பில ஸ்டூடியோவுக்குள்ளயே லயம் செட் அடிப்பம். சஞ்சீவ் செய்து தாறன் எண்டு நிக்கிறான்."

சஞ்சீவும் முனாப்பின் மாணவன்தான். ஆணியை நேராக அடிக்க மட்டும் அவனுக்குக் கடைசிவரை வரவில்லை.

"பழசாக்கித் தாரேன்," என்றார் முனாப்.

அழுக்குக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் நாள் வகுப்பிலேயே அவர் இதைச் சொல்லிவிடுவார். கண்ட இடத்தில் கறுப்பைத் தீற்றினால் அது அழுக்கு அல்ல, கறுப்பு மட்டும்தான். கூரையிலிருந்து விழும் மழை தரையில் பட்டுத் தெறிக்கும். ஆகவே கீழ்க்கறை முழங்காலுக்கு மேலே போகாது. கதவுநிலையில் பெரியவர்களின் கை படும் இடம் ஒன்று, பிள்ளைகளின் கை படும் இடம் அதற்குக் கீழே இன்னொன்று. அடுப்புப் புகை மேலே போகப்போகப் பரந்து மெலியும். முதலில் கடும் தேயிலைச் சாயத்தண்ணியைத் தெளித்து, காயுமுன் ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். அது காய்ந்த பிறகு, தேங்காயெண்ணெயில் குழைத்த கரியை விரலால் தேய்க்க வேண்டும். பிரஷ் ஆகாது, பிரஷ் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த வீட்டில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும்.

"தங்கச்சி, மழைக்கு எந்த இடத்தில ஒழுகும்?"

"எந்த இடத்துல ஒழுகாதுன்னு கேளுங்க சேர், லேசா சொல்லிருவேன்." கஜலட்சுமி உற்சாகமாகிவிட்டாள். "இந்த மூலைக்கு சட்டி. அந்த மூலைக்கு வாளி. கட்டிலுக்கு மேல ஒழுகுறதுக்கு ஒண்ணும் வைக்க ஏலாது, கட்டிலத்தான் நகத்துவோம்."

முனாப் அவள் சொன்ன இடமெல்லாம் கறை இறக்கினார். கூரைத் தகரத்தின் துருவுக்கு மேலே இன்னும் துரு ஏற்றினார். மாலையில் முழங்கால்கள் இரண்டும் மடங்க மறுத்தன. ஆனால் சுவர், போன வாரத்தைவிடப் பழசாக நின்றது.

மறுநாள் காலை அவர் வந்தபோது கூரைமேல் ஆட்கள் நின்றார்கள். துருத் தகரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. புதுத் தகரங்கள் வெயிலில் கண்ணைக் குத்தின.

"மிஸ்டர் முனாப்!" தோட்டத்துத் துரை ஜீப்பிலிருந்து இறங்கினார். கையில் ஃபோன். "இது என்ன வேலை? நாடு முழுக்கப் பார்க்கிற படத்தில நம்ம தோட்டம் இப்பிடியா?"

"சேர், இது எண்பதுகளில நடக்கிற கதை."

"சனம் எண்பது என்று பார்க்காது. யாருடைய தோட்டம் என்றுதான் பார்க்கும். ஹெட் ஒஃபிசுக்கும் இந்த போட்டோ போயிட்டது."

முனாப் ஃபோனை வாங்கிப் பார்த்தார். யாரோ சரிந்த வெயில் நேரம் பார்த்து, பக்கவாட்டில் குனிந்து நின்று எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கறையும் உயிரோடு எழுந்து நின்றது. எரிச்சலுக்கு நடுவிலும் அவருக்குள் இருந்த வாத்தியார் அந்தப் படத்துக்கு எண்பது மார்க் போட்டார்.

"கிருஷாந்தி, நீங்க ஃபேஸ்புக்ல ஏதும் போட்டீங்களா?"

"ஐயோ சேர், நான் எடுத்தா எல்லாருக்கும் தலை வெட்டுப்படும். உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். அவள் பொய் சொல்லவில்லை.

புதுத் தகரம் வியாழனுக்குள் துருப்பிடிக்காது. இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. உப்பும் வினிகரும் ஊற்றினால் அது பார்த்துச் சிரிக்கும். ஆகவே முனாப் கூரையை விட்டுவிட்டு, கதையில் பெண்கள் தண்ணீருக்குக் காத்து நிற்கும் பீலியடிக்குப் போனார். அங்கே ஒரு துருக்குழாயைச் செருகி, அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மட்டும் விழும்படி செய்தார். கீழே சேறு குழைத்து, வெற்று வாளிகளை வளைந்து வளைந்து போகும் வரிசையாக வைத்தார். பார்க்கும்போதே தாகம் எடுத்தது.

அடுத்த நாள் பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் நீலத் தண்ணீர் டாங்கியோடு வந்தார். வெற்று வாளி வரிசையின் போட்டோ அவருக்கும் போயிருந்ததாம். டாங்கியில் அவருடைய முகம் சிரித்தபடி ஒட்டப்பட்டிருந்தது. காம்பராவுக்கு ஒரு குழாய். ரிபன் வெட்டும்போது கத்தரிக்கோல் தட்டைப் பிடிக்க ஆளில்லாததால் முனாப் பிடித்தார்.

அந்த நேரம் பார்த்து றலியா ஃபோன் எடுத்தாள். "இங்க பாருங்க, சாச்சி கேக்குறா. உங்கட பேரு திரையில எவ்வளவு நேரத்துக்கு நிக்குமாம்?"

"வியாழக்கிழம வரைக்கும் நிக்கும்."

"என்ன பேச்சு இது?"

"கால் வலிக்கிது றலியா."

கஜலட்சுமி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு கதிரையைப் போட்டு, பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். "மனச விட்டுறாதீங்க சேர். இன்னும் என்னமாச்சும் இருக்கும்தானே, செய்யிறதுக்கு?"

அந்த ஒரு சொல் அவருக்குத் தெம்பாக இருந்தது. அவர் யோசித்தார். கூரையைக் காட்டாமல் விடலாம். டாங்கியை ஒரு வாழை மரத்தால் மறைக்கலாம். சுவர் மட்டும்தான் மிச்சம். பார்ப்பவர் கண் சுவரை விட்டு அசையக் கூடாது. அதற்கு ஒரு வெடிப்பு வேண்டும். கதையிலும் மழைக்குப் பிறகு சுவர் பிளக்கிறது.

வெடிப்பு வரைவது அவர் கைவந்த வேலை. சுவர் எப்போதும் யன்னல் மூலையிலிருந்துதான் பிளக்கும், பாரம் அங்கேதான் வந்து இறங்குகிறது. நேராகப் போகாது, கல்லைச் சுற்றிக்கொண்டு படிப்படியாக இறங்கும். கறுப்புக் கோடு போட்டால் போதாது. வெளிச்சம் வரும் திசைக்கு எதிரே உள்ள விளிம்பில் முடிபோல ஒரு வெள்ளை வேண்டும். அந்த வெள்ளைதான் ஆழத்தைக் கொடுக்கிறது. பக்கத்தில் நின்று கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்த கஜலட்சுமி, அவர் முடித்ததும் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்து, கன்னத்தில் கைவைத்தாள்.

"ஆத்தாடி! கைய உள்ள விடலாம் போல இருக்கு சேர். வெயில் சாயும்போது இன்னும் பயங்கரமா தெரியும், என்ன?"

"ஓ, தெரியும்," என்றார் முனாப், கலைஞனின் பெருமையோடு.

அதற்கடுத்த நாள் கருங்கல் லொறி வந்தது. பின்னால் சீமெந்து வந்தது. மேசன் பாஸ் வந்து, அஸ்திவாரத்தோடு புதுத் தூண்கள் எழுப்பவும் மண்மேட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டவும் கயிறு பிடிக்கத் தொடங்கினார்.

முனாப் ஓடினார். அந்த முழங்கால்களோடு ஓடியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பாஸ்! பாஸ்! இது பெயிண்ட்! தேய்ச்சுப் பாருங்க!"

மேசன் பாஸ் விரலால் தேய்த்தார். விரல் கறுத்தது. முகர்ந்துகூடப் பார்த்தார்.

"பெயிண்ட்தான் சேர்," என்று ஒப்புக்கொண்டார். "ஆனா ஓடர் வந்திருச்சே. ஓடர் பெயிண்ட் இல்லையே."

"யார் சொன்னது ஓடர் போடச் சொல்லி?"

"மேலிடத்துக்கு போட்டோ போயிருக்காம். துரை ராத்திரி தூங்கவே இல்லையாம்."

வியாழக்கிழமை வீரசிங்கம் வந்து இறங்கினார். புதுத் தகரத்தைப் பார்த்தார். வாழை மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கும் நீல டாங்கியைப் பார்த்தார். யன்னல் மூலையில் நிமிர்ந்து நின்ற கொங்கிறீட் தூணைப் பார்த்தார்.

"நானா," என்றார் மெதுவாக, "இதென்ன, சுற்றுலா விடுதியோ?"

"சஞ்சீவ்கிட்ட சொல்லுங்க," என்றார் முனாப். "ஆணிய மட்டும் நேரா அடிக்கச் சொல்லுங்க." அவருக்கு வாதாடத் தெம்பில்லை. றலியாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மழை கொட்டியது. எல்லோரும் கஜலட்சுமியின் காம்பராவுக்குள் ஒதுங்கினார்கள். மழை தகரத்தில் பேயாக அறைந்தது. உள்ளே ஒரு சொட்டுக்கூட விழவில்லை. கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒழுகலுக்கு வைக்கும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கிருஷாந்தியை உட்காரச் சொன்னாள் கஜலட்சுமி.

வெளியே, மலைச்சரிவில், எங்கிருந்தோ சட்டிகளும் வாளிகளும் அவசரமாக இழுபடும் சத்தம் கேட்டது.

"அதென்ன சத்தம்?" என்று வீரசிங்கம் வாசலில் போய் நின்றார்.

மேலே இன்னொரு லயம். மழைப் புகார் மூட்டத்துக்குள் கறுத்து, சாய்ந்து, தகரங்களில் கல் ஏற்றி வைத்தபடி நின்றது. லொறி போகாத பாதை என்று முதல் நாளே அவர்கள் ஒதுக்கிவிட்ட லயம் அது.

வீரசிங்கத்தின் முகம் மலர்ந்தது. "நானா! அந்தச் சுவரைப் பாருங்கோ! என்ன அழகு! சாமானைத் தோளில காவிக்கொண்டு எண்டாலும் போவம். திங்கள் தொடங்குவம். கலை இயக்கம் நீங்கள்தான், பேரில மாற்றமில்லை."

முனாப் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "கிருஷாந்தி, மேல் லயத்தில ஒரு விரல் கூடப் படக் கூடாது. சுண்ணாம்பும் வேணாம், கரியும் வேணாம். திங்கள் வரைக்கும் அத யாரும் பார்க்கக்கூடக் கூடாது."

"சரி சேர்."

மழை சற்று விட்டதும், மேல் லயத்திலிருந்து ஒரு பெண் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு வழுக்கி வழுக்கி இறங்கி வந்தாள். கஜலட்சுமியின் தங்கை சுந்தரி. நனைந்த முகத்தைத் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு ஃபோனை எடுத்து, அது நனையவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, முனாப்பின் முன்னால் மரியாதையாக நின்றாள்.

"சேர், எங்க லயத்துக்கு எப்ப வெடிப்பு வரைய வர்றீங்க? எந்த வெயிலுல போட்டோ எடுத்து துரைக்கு அனுப்பணும்னு அக்கா சொல்லிக் குடுத்திருச்சி."