ஹங்கேரிக்கு வந்த முட்டிவலி

ஹங்கேரி எங்கள் மாடியில் குடியிருந்த நான்கு வருடத்தில், காக்ஸ் டவுனில் கை நழுவிய எந்தப் பொருளும் தரையைத் தொட்டதில்லை. கறிவேப்பிலைக் கட்டு, குக்கர் மூடி, பால்கனியிலிருந்து விழுந்த எதிர்வீட்டு டீச்சரின் மூக்குக்கண்ணாடி, எல்லாம் அவர் கையில்தான் போய்ச் சேர்ந்தன.

பாலைத் தவிர. தெருக் கிரிக்கெட் பந்து ஒன்று டீச்சர் வீட்டு ஜன்னலைப் பார்த்துப் பறந்தபோது, அம்மாவுக்காக வாங்கி வந்த பால் பாக்கெட்டுகளை விட்டுவிட்டுத் தாவினார்.

"அய்யோ, என் பால் போச்சேப்பா!" என்றாள் அம்மா.

"ஜன்னல் இருக்கும்மா" என்றார், பாலில் படுத்தபடி, பந்தைத் தூக்கிக் காட்டி.

அவருடைய நிஜப் பெயரைச் சொல்ல ஒருவரும் துணியவில்லை. மழை நாளில் ஒக்கலிபுரம் பாலத்தடியில் வண்டிகள் நிற்பதுபோல் அதில் மெய்யெழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஹங்கேரி நாட்டுக்காரர், அதனால் ஹங்கேரி. மனைவிக்கு அத்திபெலே பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. இவர் ஓய்வுபெற்ற கால்பந்து கோல்கீப்பர். ஆறேகால் அடி உயரத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதல்ல. எங்கள் ஞாயிற்றுக்கிழமை டீமுக்கு நான் கேப்டன். "ஆட வரீங்களா சார்?" என்று முடிப்பதற்குள் கிளவுசோடு வந்து நின்றார்.

தமிழையும் எங்களிடம்தான் கற்றார். அதாவது, கோல்கீப்பர் கத்த வேண்டிய தமிழை. "விடு, விடு! என்னுது!" மைதானத்தில் அது சரி. ஒரு கல்யாண விருந்தில் தட்டில் மிஞ்சிய கடைசி கட்லெட்டைப் பார்த்தும் அப்படியே கத்தினார். எதிரில் கை நீட்டியிருந்தவர் பாதிரியார். "சாரி மச்சா" என்று அவருக்குப் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார்.

உலகக் கோப்பை ஆடியவர் என்றே நாங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தோம். ஒருநாள் பிரகாஷ் கேட்டுவிட்டான். அவன் எங்கள் இன்னொரு கோல்கீப்பர், தருமபுரிக்காரன், ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். ஹங்கேரி வந்ததிலிருந்து கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரிய லீக்ல எவ்ளோ ஆடினீங்க சார்?"

"பதினாறு வருஷம் இருந்தேன், மச்சா. ஆடினது முப்பது நிமிஷம்."

மற்ற நாளெல்லாம் பெஞ்ச். டீமின் முதல் கோல்கீப்பருக்கு ஜலதோஷம்கூட வராதாம். ஒரே ஒருமுறை அவர் விரல் முறிந்தது, இவர் இறங்கினார். நான்கு கோல் விட்டார். அதற்குப் பிறகு வந்த பெனால்டியைப் பிடித்துவிட்டார். எப்படிப் பிடித்தார் என்று எங்கள் முன்னால் விழுந்தும் காட்டினார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிரகாஷ் சிரிக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் வட்டாரக் கால்பந்துக் கோப்பையில் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். பன்னிரண்டு வருடமாக முதல் சுற்றையே தாண்டாத டீம்! ஒரு கோல் முன்னிலை, இருபது நிமிஷம் பாக்கி. பந்து எங்கோ எதிர்ப்பக்கம் கிடக்கும்போது ஹங்கேரி "அய்யோ, முட்டி!" என்று சாய்ந்தார். முதலில் வலது முட்டியைப் பிடித்தார். பிறகு யோசித்து இடது முட்டியைப் பிடித்தார்.

பிரகாஷ் இறங்கினான். இரண்டு பந்துகளை அபாரமாகத் தடுத்தான். வேறு இரண்டை விட்டான். தோற்றோம்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடியில் காயும் துணிகளை எடுக்க அம்மா எழுவதற்குள், ஹங்கேரி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவதைப் பார்த்தேன். பின்னாலேயே ஓடினேன்.

"முட்டி எப்படி இருக்கு சார்?"

அம்மாவின் புடவைகளை அணைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். "வலி போயிடுச்சு."

"பன்னெண்டு வருஷம் சார்! ஒரே ஒரு கப்! ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"நாலு கோல் விட்டேன்ல, அந்த ஒரு நாள்தான் மச்சா எங்கிட்ட இருக்கு. அவனுக்கும் ஒண்ணு வேணாமா?"

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் என் பைக் சாவி மொட்டைமாடியிலிருந்து நழுவியது. கீழே நின்றவர் ஒற்றைக் கையில் பிடித்து நீட்டினார். அதற்கு மேல் கோபத்தை நீட்டிக்க முடியவில்லை.

மனைவியின் வேலை முடிந்ததும் இருவரும் ஊர் திரும்பினார்கள். பல வருடம் கழித்து, போன மாதம் அவர் மனைவியிடமிருந்து மெசேஜ் வந்தது. மாரடைப்பு, ஹங்கேரி போய்விட்டார். அங்கே உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு வரி போட்டார்களாம். எங்களுக்கு அது போதவில்லை. அடுத்த ஞாயிறு, முட்டி உண்மையாகவே தேய்ந்துபோன நாங்கள் மைதானத்தில் கூடி, அவருக்காக ஒரு மேட்ச் ஆடினோம். பிரகாஷ் ஓசூரிலிருந்து மனைவியோடு வந்து கோலில் நின்றான்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பழைய ஃபைனலை, தான் தடுத்த இரண்டு பந்துகளை, கையை விரித்து விரித்து மனைவிக்கு விவரித்தான். அவன் பத்திரிகை படிக்கிறவனில்லை என்ற தைரியத்தில்தான் நான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

"அன்னைக்கு அவருக்கு முட்டி போகலன்னா எனக்கு சான்ஸே கிடைச்சிருக்காது. பாவம், செம வலி அவருக்கு. இல்ல, கேப்டன்?"

"ஆமாம்மா" என்றேன், அவன் மனைவியிடம். "மனுஷன் துடிச்சுப் போயிட்டார். நான்தான் கைத்தாங்கலா மாடி ஏத்தி விட்டேன்."